சுருள் கூந்தலுக்கு வீட்டிற் செய்யும் பசை

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டிய மன்னன் ஒருவனுக்கு ஐயம் எழுந்தது. அந்தச் சிறிய ஐயமே நக்கீரருக்கும் இறைவனுக்கும் இடையே பெரியதொரு வழக்காக வளர்ந்த கதையைத் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. மணம் இயற்கையா செயற்கையா என்ற அவ்வழக்கை நாம் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. ஆயினும், கூந்தலின் வடிவத்தைப் பற்றி அத்தகையதொரு வழக்கு நம் வீடுகளில் இன்று நாள்தோறும் நடைபெறுகின்றது. சுருண்டு வளரும் மயிரை அதன் போக்கிற் பேணுவதா, மருந்திட்டு நேராக்கி விடுவதா என்பதே அவ்வழக்கு.

இவ்வழக்கு என் வீட்டு வாசலுக்கும் வந்தது. என் தமக்கையின் மகள் பதினைந்து வயதுப் பெண். அவளுடைய தலைமயிர் வளையம் வளையமாகச் சுருண்டு அடர்ந்தது. பாடசாலையில் உடன் பயில்வோர் "பறட்டைத் தலை" என்று பெயரிட்டு விட்டனர். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "சின்னம்மா, மருந்து வைத்து ஒரே நாளில் நேராக்கி விடலாமாம். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள். உடனே மறுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அழகைப் பற்றிய ஆசை குற்றமன்று. ஆனால், அந்த மருந்து யாது, அது மயிரை என்ன செய்கின்றது, அதற்கு மாற்று ஏதும் உண்டா என்ற மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னர் முடிவு செய்வோம் என்று கூறினேன். அவ்விடைகளையே இன்று நேயர்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

முதலில் மயிரின் இயல்பை அறிதல் வேண்டும். தோலின் உள்ளே வேர்ப்பகுதியில் மட்டுமே மயிருக்கு உயிர் உண்டு. வெளியே வளர்ந்து தொங்கும் இழை உயிரற்ற நார். கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. ஓர் இழையை நுணுக்குக் காட்டியில் வைத்து நோக்கினால், அதன் மேற்பரப்பில் மெல்லிய செதில்கள் கூரையில் வேய்ந்த கிடுகுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கக் காணலாம். கிடுகுகள் ஒழுங்காகப் படிந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்காது. செதில்கள் ஒழுங்காகப் படிந்திருந்தால் மயிரும் வழுவழுப்பாக ஒளிரும். அவை கிளம்பி விரிந்தால் இழையோடு இழை சிக்கிக்கொள்ளும், ஈரம் கட்டுப்பாடின்றி உட்புகும், வெளியேறும்.

மயிர் சுருள்வதற்குக் காரணம் வேரிலேயே உள்ளது. நேர்மயிரின் வேர்க்குழி பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். சுருள்மயிரின் வேர்க்குழியோ வளைந்திருக்கும். இழையின் குறுக்குவெட்டும் வட்டமாக இராது, நீள்வட்டமாக அமையும். ஆதலால் எத்தனை முறை வெட்டினும் நேராக்கினும், புதிதாக முளைக்கும் மயிர் மீண்டும் சுருண்டே வளரும். மேலும், தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெய் நேர்மயிரில் எளிதாக நுனிவரை வழிந்து செல்லும். வளைவுகள் மிகுந்த மயிரில் அவ்வாறு செல்ல மாட்டாது. இதனாலேயே சுருள்மயிர் இயல்பாக வறட்சி கொள்கின்றது. வறண்ட மயிர் விரிந்து பறக்கின்றது. நாம் "பறட்டை" என்று பழிப்பது, உண்மையில் ஈரமும் எண்ணெயும் போதாத மயிரையே.

கெரற்றின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பன முக்கியமாக இருவகைப் பிணைப்புகள். ஒன்று கந்தகப் பிணைப்பு. இது வலியது, நீருக்கும் சாதாரண வெப்பத்துக்கும் அசையாது. மற்றொன்று ஐதரசன் பிணைப்பு. இது மெலியது, நீர் பட்டதும் அறுந்து, உலர்ந்ததும் மீண்டும் அமைவது. சலவை செய்த பருத்தி வேட்டியை நினைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எவ்வாறு மடித்து உலர்த்துகின்றோமோ அவ்வாறே அது மடிப்புக் கொள்கின்றது. மறுபடி நனைத்தால் அம்மடிப்பு மறைகின்றது. மயிரும் அத்தகையதே. ஈரத் தலையை எந்த வடிவில் உலரவிடுகின்றோமோ அந்த வடிவை அது அடுத்த முறை நனையும்வரை ஓரளவு பேணும்.

கடைகளிலும் ஒப்பனை நிலையங்களிலும் நிரந்தரமாக நேராக்கும் மருந்துகள் இந்த எளிய பிணைப்போடு நின்றுவிடுவன அல்ல. அவற்றுட் பல கந்தகப் பிணைப்பையே அறுப்பவை. வேறு சில, சூடேற்றும்போது போமல்டிகைட்டு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அமெரிக்காவில் முப்பத்து மூவாயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நேராக்கும் மருந்தை ஒருபோதும் பயன்படுத்தாதோருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 1.64 வீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியோருள் 4.05 வீதம் என்றும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகின்றதே அன்றி, மருந்தே காரணம் என்று ஐயமற நிறுவிவிடவில்லை. ஆயினும், பதினைந்து வயதிலே தொடங்கி ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு முன் சற்றே நின்று சிந்திக்க இவ்வெண்கள் போதும்.

இனி, மாற்று உண்டா என்ற வினாவுக்கு வருவோம். வேட்டிக்குக் கஞ்சி போடுவது எதற்காக? மடிப்புக் கலையாதிருத்தற்காக. கஞ்சியிலுள்ள மாப்பொருள் நூலிழைகளின்மீது மெல்லிய படலமாகக் காய்ந்து, அவற்றை நிலைத்து நிற்கச் செய்கின்றது. அதே பணியைக் கூந்தலுக்குச் செய்வது தாவரங்களின் கொழகொழப்பு. சில விதைகளையும் இலைகளையும் காய்களையும் நீரிலிட்டால் வழுக்கும் பசையொன்று வெளிப்படும். நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆகிய அப்பொருள், தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைத் தன்னுள் அடக்கவல்லது. ஈர மயிரிற் பூசினால் இழைகளை ஒன்றுசேர்த்து வளையங்களாக அமைக்கும். உலர்ந்தபின் படலமாக நின்று அவ்வளையங்களைக் காக்கும். நீரூற்றினால் கரைந்து போகும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1920களிலும் 1930களிலும் மேனாட்டுப் பெண்கள் அலையலையாகத் தலைவாரிக் கொண்ட காலத்தில், அந்த அலைகளை நிறுத்தி வைத்தவை குயின்ஸ் என்னும் பழத்தின் விதைப்பசையும், இந்தியக் காடுகளிலிருந்து ஏற்றுமதியான கராயாப் பிசினுமே. ஆளிவிதைப் பசையை இன்று உலகெங்கும் சுருள்மயிருடையோர், சிறப்பாக ஆபிரிக்க மரபினர், விரும்பிச் செய்கின்றனர். நம் நாட்டிலும் செவ்வரத்தை இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்து முழுகாத பாட்டிமார் இருந்திலர். சிங்கள மக்கள் தவுல் குருந்து என வழங்கும் மரத்தின் இலையையும் இவ்வாறே நீரிற் கசக்கித் தலைக்கு இடுவர். புத்தாண்டுப் பலகாரமாகிய ஆஸ்மி வலைபோல நூல் நூலாக இறங்குவதற்கு மாவிலே சேர்ப்பதும் இந்த இலைச்சாறே. அவ்விலை கிடையாதபோது வெண்டிக்காய்ச் சாற்றைச் சேர்ப்பர். அடுக்களையும் அலங்காரமும் ஒரே கொழகொழப்பை நம்பி நிற்கும் விந்தை இது.

இப்போது செய்முறையைக் கூறுகின்றேன். கேட்போர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது ஆளிவிதைப் பசை. கால் கோப்பை முழு ஆளிவிதையும் இரண்டு கோப்பை நீரும் போதும். விதையை இடித்தல் ஆகாது. இடித்தால் வடிகட்ட இயலாது. இரண்டையும் சட்டியிலிட்டு நடுத்தர நெருப்பிற் காய்ச்சுக. அடிப்பிடியாதவாறு துழாவிக்கொண்டே இருத்தல் வேண்டும். கொதி வந்து ஏழு முதற் பத்து நிமிடங்களில் நீர் தடிக்கும். கரண்டியை உயர்த்தினால் முட்டை வெண்கருப் போல நூலாக வழியும். அந்தப் பதத்தில் உடனே இறக்க வேண்டும். இன்னும் சற்றுத் தடிக்கட்டும் என்று காத்திருப்பவர் ஏமாறுவர். ஏனெனில் ஆறும்போது அது தானாகவே மேலும் தடிக்கும். இறக்கியதும் சூடு ஆறுமுன்னர் மெல்லிய துணியிலோ, கழுவிச் சுத்தமாக்கிய நைலோன் காலுறையிலோ ஊற்றிப் பிழிக. கை சுடாதவாறு இரு கரண்டிகளால் அழுத்துவது நன்று. ஆறவிட்டு வடிக்கலாம் என்றால் விதையும் பசையும் ஒன்றாகி ஒருதுளியும் இறங்காது. என் மருமகள் முதன்முறை செய்தபோது நேர்ந்தது இதுவே. சட்டியோடு எறிந்துவிட்டு அவள் அழாத குறை.

இரண்டாவது வெண்டிக்காய்ப் பசை. ஆளிவிதை கிடையாத ஊர்களிலும் வெண்டிக்காய் கிடைக்கும். ஆறு அல்லது எட்டு இளங்காய்களை வட்டமாக அரிந்து, இரண்டு கோப்பை நீரிற் பத்து நிமிடம் அவித்துச் சூட்டோடு வடித்துக்கொள்க. இது ஆளிவிதைப் பசையினும் இலேசானது, மயிரை மென்மையாக்கும், ஆனால், அத்துணை இறுக்கமாகப் பிடித்து நிற்காது. மென்சுருளுடையோர்க்கு இது ஏற்றது.

மூன்றாவது வெந்தயம். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு கோப்பை நீரில் இரவு முழுதும் ஊறவிட்டுக் காலையில் வடித்தால் வழுக்கும் நீர் கிடைக்கும். காய்ச்ச வேண்டியதில்லை. இதன் வாசனை நெடுநேரம் நிற்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுங்கள். கச்சான், கடலை முதலிய அவரையினப் பருப்புகள் ஒவ்வாதவர் வெந்தயத்தைத் தவிர்த்தல் நலம். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நான்காவது கற்றாழை. இதன் மடலை அறுத்தவுடன் மஞ்சள் நிறப்பால் வடியும். அது தோலை அரிக்க வல்லது. ஆதலின், அறுத்த முனை கீழாக மடலை ஒரு கோப்பையிற் பதினைந்து நிமிடம் நிறுத்தி, பால் முழுதும் வடிந்தபின் கழுவித் தோல் நீக்கி, உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் அரைத்து வடித்தெடுக்க வேண்டும். இச்சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீரே. தனியாகப் பூசினால் விரைவில் வலுவிழக்கும். ஆளிவிதைப் பசையோடு மூன்றில் ஒரு பங்காகக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

இவற்றோடு வேறு எதைச் சேர்க்கலாம் என்று கேட்பீர்கள். ஒரு கோப்பைப் பசைக்கு அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்க்கலாம். தேங்காயெண்ணெயின் பெரும்பகுதியாகிய லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரியது. ஆதலால் அது மயிரின் உள்ளே ஊடுருவ வல்லது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மயிரின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே எனக் கண்டது. நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்ததை அளவுகருவி பின்னர் உறுதி செய்தது. கிளிசரீன் சேர்க்க விரும்புவோர் சிறிது கவனம் கொள்ளல் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. கொழும்பு போன்ற கரையோர நகரங்களிற் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கின்றது. அங்கே கிளிசரீன் மிகுந்தால் மயிர் வேண்டிய அளவுக்கு மேல் ஈரத்தை உண்டு பருத்து விரியும். நாம் எதைத் தவிர்க்க முயல்கின்றோமோ அதுவே வந்து சேரும்.

சேர்க்கத் தகாதவையும் உண்டு. அப்பச்சோடாவைச் சேர்ப்போர் சிலர். அது காரத்தன்மை உடையது. தலைத்தோலும் மயிரும் சிறிதளவு அமிலத்தன்மையில் நிற்பவை. காரம் பட்டதும் முன்பு நாம் கூறிய கிடுகுகள் கிளம்பும். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் செல்வதும் தீது. அச்சாறு படிந்த தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாதல் கூடும். பச்சை முட்டையைத் தடவிவிட்டுச் சுடுநீரில் முழுகினாலோ தலையிலேயே பொரியல் ஆகிவிடும். பின்னர் அதனைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் தீங்கற்றது என்று நாம் எண்ணிவிடுகின்றோம். நீரும் சர்க்கரைப் பொருளும் கலந்த இந்தப் பசை நமக்கு மட்டுமன்று, பக்டீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் நல்விருந்து. கடையில் விற்கும் பசையிற் பாதுகாப்புப் பொருள் உண்டு. நாம் செய்வதில் இல்லை. நானே ஒருமுறை ஒரு போத்தலைக் குளியலறை யன்னலில் வைத்து மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அதனைப் பெரிதும் ஆராயாமற் பூசிக்கொண்டேன். மாலைக்குள் நெற்றியோரம் தடித்து அரிப்பெடுத்தது. ஆகவே, செய்த பசையை நன்கு கழுவிச் சுடுநீரில் அலசி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடியிற் செய்த நாளை எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தலாகாது. விரலை உள்ளே விடாது சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். நீர்த்துப் போதல், புளித்த வாடை, நிறமாற்றம், புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தயங்காது ஊற்றிவிடுக. மிகுதியாகச் செய்தவர் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுக்கலாம். விற்றமின் ஈ எண்ணெயோ வாசனைத் தைலமோ சேர்த்தால் கெடாது என்பது தவறான நம்பிக்கை. விற்றமின் ஈ எண்ணெய் காறலெடுப்பதைத் தாமதிக்கும்; நுண்ணுயிரைத் தடுக்காது. குளிர்பெட்டி இல்லாதோர் ஒரு முறைக்குப் போதிய அளவே செய்துகொள்வது உத்தமம்.

முதன்முறை பூசுவோர், சிறிதளவு பசையை முழங்கையின் உட்பக்கத்திற் பூசி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அப்பொருள் தமக்கு ஏற்றதன்று என்று கொள்க.

பூசும் முறையும் அறியத்தக்கது. தலை முழுகியபின், துவாயால் முரட்டுத்தனமாகத் தேய்க்காமல், நீர் சொட்டுவது நிற்கும்வரை பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். பிணைப்புகள் அறுந்து மயிர் இணங்கி நிற்கும் நேரம் அதுவே. தலைமயிரை நான்கு பகுதியாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மேசைக்கரண்டி பசையை விரல்களால் வேரின் அருகிலிருந்து நுனிவரை கோதிப் பூசுக. தலைத்தோலிற் படவேண்டியதில்லை. பின்னர் உள்ளங்கையில் மயிரை ஏந்தி நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்ல மெல்லப் பிசைந்து விடுங்கள். வளையங்கள் தாமே கூடும். அதன்பின் முற்றாக உலரும்வரை தொடலாகாது. உலர்ந்ததும் கஞ்சி போட்ட துணிபோல மொறுமொறுப்பாக இருக்கும். அஞ்சற்க. இரண்டு துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மறுபடி மெதுவாகப் பிசைந்தால் மொறுமொறுப்பு உடைந்து, மென்மையான சுருள் எஞ்சும். உலர்ந்த தலையைச் சீப்பால் வாருவது சுருளைக் குலைக்கும்; சிக்கெடுப்பது ஈரத்தலையில், அகன்ற பற்களையுடைய சீப்பாலேயே நிகழ வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நேயர்களுக்கு ஒரு சொல். அங்குள்ள கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறி வருவது, ஆதலின் வன்னீர். அந்நீரிற் சவர்க்காரமிட்டு முழுகினால் நுரைக்குப் பதிலாக வெள்ளைக் கசடு தோன்றி மயிரிற் படியும். படிந்த மயிரில் எந்தப் பசையும் சரிவரப் பற்றாது. நம்மவர் சவர்க்காரத்தை விட்டுச் சீயாக்காயும் பயறும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்தரைத்த அரப்பை வைத்து முழுகியதில் அறிவு இருந்தது. அதற்கு நேரமில்லாதவர், இறுதியாக இரண்டு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, கண்ணிற் படாதவாறு தலையில் ஊற்றி அலசலாம். கசடு நீங்கும், செதில்களும் படியும்.

இப்பசை என்ன செய்யாது என்பதையும் ஒளிக்காமற் கூறிவிட வேண்டும். இது மயிரை வளர்க்காது, உதிர்வதை நிறுத்தாது, நேர்மயிரைச் சுருளாக்காது. உள்ள சுருளை ஒழுங்குபடுத்தும். அடுத்த முறை தலை நனையும்வரை நிற்கும். இவ்வளவே அதன் எல்லை. தலைத்தோலிற் புண்ணோ, பொடுகோ, திட்டுத் திட்டாக மயிர் உதிர்தலோ இருப்பின் அதற்குரிய இடம் மருத்துவரின் அறையே அன்றி அடுக்களையன்று.

என் தமக்கையின் மகள் இரண்டாம் முறை செய்த பசை நன்றாக அமைந்தது. பாடசாலை விதிப்படி இரட்டைப் பின்னல் இடவேண்டும். பின்னுமுன் நெற்றிப்புறத்திலும் காதோரத்திலும் அதனைத் தடவினாள். பறக்கும் மயிர் படிந்தது. விடுமுறை நாட்களில் விரித்துச் சுருளவிட்டாள். "பறட்டை" என்ற பெயர் உடனே போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பெயரிட்ட வாய்கள் அவ்வளவு விரைவில் ஓய்வதில்லை. ஆனால், சென்ற மாதம் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, தன் தலையும் அவ்வாறே சுருண்டது என்றும், இதுவரை எண்ணெயிட்டு இறுக்கி மறைத்து வந்தாள் என்றும் சொல்லிக்கொண்டு அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருவருமாக அடுப்படியில் நின்று ஆளிவிதை காய்ச்சினர். மருந்து வைத்து நேராக்கும் பேச்சை என் மருமகள் அதன்பின் எடுக்கவில்லை. வளர்ந்தபின் ஒருகால் எடுக்கலாம். அது அவளுடைய உரிமை. அப்போதும் அறியாமையால் அன்றி, அறிந்து முடிவு செய்வாள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பசை பதம் வந்ததா என்று என்னிடம் காட்டுவதற்காக அவள் கரண்டியை உயர்த்தினாள். முட்டை வெண்கருப் போல நூலாக வழிந்தது. "இப்போது இறக்கலாம், சின்னம்மா" என்று அவளே கூறி இறக்கினாள்.